அந்தக் கிழவிக்கு ஒரு பெயர் உண்டு

காலை நடைப்பயிற்சியில் கூட வரும் நண்பரிடம் ரெம்பிராண்டின் ஒரு படத்தைக் கைபேசியில் காட்டினேன். விலையையும் சொன்னேன். "ஒரு கிழவி படத்துக்கா சார் இவ்வளவு?" என்று சிரித்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஓவியச் சந்தையே இந்தப் பேச்சைத்தானே நாகரிகமான மொழியில் பேசிக்கொண்டிருக்கிறது!

2000 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அந்தப் படம் 1 கோடியே 98 லட்சம் பவுண்டுக்குப் போனது. அன்றைய கணக்கில் நம் பணம் 130 கோடிக்கு மேல். விற்றபோது அதன் பெயர் '62 வயதுப் பெண்மணி' என்பதுதான். படத்திலேயே ரெம்பிராண்ட் வயதைக் குறித்திருந்தார், 1632 என்ற ஆண்டையும் போட்டிருந்தார். பெயரை மட்டும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் அன்று இல்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

பிறகு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டி, இவர் பெரும்பாலும் ஆல்ட்யே உயிலன்பர்காக இருக்க வேண்டும் என்றார்கள். ஆம்ஸ்டர்டாம் போதகர் சில்வியஸின் மனைவி. ரெம்பிராண்ட் 1634இல் மணந்த சாஸ்கியாவுக்குச் சொந்தக்காரர், அக்கா முறை. ஆக, வரைந்தவருக்கு இவர் யாரோ ஒரு கிழவி அல்ல.

முகத்தைப் பாருங்கள். வெள்ளைத் தொப்பி, கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பான வெள்ளைப் பட்டி, கறுப்பு உடை. அதற்கு நடுவே சிவந்த கன்னம், சற்றே ஈரமான இமையோரம். தளர்ந்த தோலை அந்த இளைஞர் மறைக்கவும் இல்லை, பரிதாபமாக்கவும் இல்லை. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ!

சந்தை என்ன செய்தது? மூதாட்டி முகம் கண்ட இடத்திலெல்லாம் 'ரெம்பிராண்டின் தாய்' என்று சீட்டு ஒட்டியது. ஆதாரம் ஒன்றும் கிடையாது. வெறும் கிழவி என்றால் வாங்குபவர் யோசிப்பார். மேதையின் அம்மா என்றால் பையைத் திறப்பார். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கும் இன்னொரு அம்மையாரும் நெடுநாள் '83 வயது மூதாட்டி'யாகவே தொங்கினார். ரோட்டர்டாமில் பியர் வடித்த ஒருவரின் விதவை, ஆக்யே கிளாஸ்டர் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

விலை இருப்பதால்தானே ஆராய்கிறார்கள், பாதுகாக்கிறார்கள் என்று கேட்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விலை எதற்கு? நாளைக்கே நிபுணர்கள் கூடி "இது ரெம்பிராண்ட் கை இல்லை, சீடன் கை" என்று சொல்லட்டும். அதே முகம், அதே இமை, அதே பலகை. விலை மட்டும் பாதாளத்துக்குப் போய்விடும். அப்படியானால் இத்தனை காலமும் அவர்கள் பார்த்தது கையெழுத்தை. ஆல்ட்யே அந்தக் கையெழுத்துக்குப் பின்னணி, அவ்வளவே. இதைக் கலை ரசனை என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள்.

2017இல் அந்தப் படத்தை வைத்திருந்த தம்பதியர் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அதைத் தருவதாக அறிவித்தார்கள். இனி ஏலத் தொல்லை இல்லை. அங்கே அவர் பெயரைச் சொல்லியே படத்தைக் குறிப்பிடுகிறார்கள்.

நண்பரிடம் நாளைக் காலை சொல்ல வேண்டும்: அவர் பெயர் ஆல்ட்யே. வயது 62. உங்களைவிட ஏழு வயது சின்னவர், சார்.