உடற்கல்வி வேளையைப் பறிக்காதீர்கள்

‘உயிரணுவின் மின் நிலையம் எது?’ என்று தேர்வில் கேட்டால், ‘மைட்டோகாண்ட்ரியா’ என்று எழுதிப் புள்ளியை வாங்கிவிடுகிறோம். விடை சரிதான். ஆனால், அந்த நிலையத்தைக் கட்டுவது யார், பழுதானால் அகற்றுவது யார் என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியில்தான் நம் உடல்நலமே அடங்கியிருக்கிறது.

மனித உடலில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு, அதாவது இழைமணிக்கு, சொந்தமாக 37 மரபணுக்களே உள்ளன. அவற்றுள் 13 மட்டுமே புரதம் செய்யக் கட்டளையிடுகின்றன. இழைமணிக்குத் தேவையான மற்றப் புரதங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றுக்கான கட்டளைகள் உயிரணுவின் உட்கருவிலிருந்து வருகின்றன.

இளந்தசை உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து தசை நாராக மாறும்போது இந்தக் கட்டளைகளின் அருமை தெரியும். முதலில் பழைய இழைமணிகள் அகற்றப்படுகின்றன. பிறகு புதியவை பெருகுகின்றன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த சுண்டெலியின் உயிரணுக்களில் அகற்றும் வேலையைத் தடுத்தபோது, தசையாக மாறும் வேலையும் தடைபட்டது. பழைய வீட்டை இடிக்காமல் அதே நிலத்தில் புது வீடு எழும்புமா?

அகற்றும் பணியில் பிங்க்-1, பார்கின் என்ற இரு மரபணுக்களுக்கு முக்கியப் பங்குண்டு. பிங்க்-1 இல்லாத பழ ஈக்களின் பறக்கும் தசைகள் சிதைந்தன, இழைமணிகள் வீங்கின. பார்கினைக் கூடுதலாகக் கொடுத்தபோது நிலைமை சீரடைந்தது. 2006இல் வெளியான இந்த முடிவுகள் பார்க்கின்சன் நோயைப் புரிந்துகொள்ளவும் உதவின. மனிதர்களில் இதே மரபணுக்கள் பழுதானால் இளவயதிலேயே அந்நோய் வரக்கூடும். ‘ஈயை ஆராய்ந்து என்ன பயன்?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

புதிய இழைமணிகளைப் பெருக்கும் பணியை முடுக்கிவிடுவது பிஜிசி-1 ஆல்ஃபா. 1998இல் அமெரிக்க அறிவியலாளர் புரூஸ் ஸ்பீகல்மேனின் குழு இதை அடையாளம் கண்டது. தசை உருவாகும்போது வேலை செய்யும் இந்த மரபணு, நாம் ஓடும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் மீண்டும் விழித்தெழுகிறது.

என் கருத்து இதுதான்: மரபணு தலையெழுத்து அன்று, பாதி, நாம் அழுத்தவேண்டிய பொத்தான். ஆனால், எஸ்.பி.எம். நெருங்கினால் நாம் முதலில் கைவிடுவது உடற்கல்வி வேளையைத்தான். தேர்வு முக்கியம் என்று பெற்றோர் சொல்வதில் தவறில்லை. அதற்காக வாரத்தில் ஓரிரு வேளை திடலில் ஓடுவதை நிறுத்தினால் புள்ளிகள் குவிந்துவிடுமா?

அதேவேளையில், எல்லாப் பழுதையும் ஓட்டம் சரிசெய்துவிடாது. பிறவியிலேயே இழைமணிக் குறையுள்ளவர்கள் விரைவில் களைத்துப்போவார்கள். பின்தங்கி ஓடும் நண்பனைச் ‘சோம்பேறி’ என்று கேலி செய்யுமுன் அதையும் நினைத்துப் பாருங்கள்.

நாளை உடற்கல்வி இருந்தால், காலணியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், மாணவர்களே!