கொடிக்கயிறு யார் கையில்?

ஆகஸ்டு 15, ஜனவரி 26 ஆகிய இரு நாட்களிலும் தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் காலையிலேயே கொடிமரத்தடி களைகட்டிவிடும். சுருட்டிய கொடிக்குள் ரோஜா இதழ்களை வைத்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். கயிற்றை இழுத்ததும் இதழ்கள் கொட்டும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், மிட்டாய் கைமாறும். அந்தக் கயிற்றை இழுக்க வேண்டியவர், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர். ஆனால், அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காகவே சில ஊர்களில் கயிறு வேறு கைகளுக்குப் போகிறது. நாடு பிறந்த நாளை ஊர் கூடிக் கொண்டாடுவதாகச் சொல்லிக்கொண்டு, ஊரின் தலைவரையே ஓரமாக நிறுத்தும் இந்த வழக்கத்துக்கு அரசு முற்றுப்புள்ளி வைத்தாக வேண்டும்.

2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பெண் ஊராட்சித் தலைவர் ஒருவர் கொடியேற்றவிடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியாகிப் பெரும் கண்டனம் எழுந்த பிறகு, ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து நிற்க, ஆகஸ்டு 20 அன்று அவர் கொடியேற்றினார். ஐந்து நாள் தாமதமாகக் கிடைத்த நீதி அது. செய்தியாகாத ஊர்களில் அதுவும் கிடைப்பதில்லை. பாகுபாடு நிலவுவதை அரசே அறிந்திருந்ததால்தான், 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதி, பட்டியல் சாதித் தலைவர்கள் இடையூறின்றிக் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொன்னார்.

யார் கொடியேற்றுவது என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சுதந்திர தினத்தன்று மாநிலத் தலைநகரங்களில் ஆளுநர்கள் கொடியேற்றிவந்த காலத்தில், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வருக்கே அந்த உரிமை வேண்டும் என்று வாதாடியவர் அன்றைய முதல்வர் கருணாநிதி. ஒன்றிய அரசு அதை ஏற்றது. 1974 ஆகஸ்டு 15 அன்று கோட்டைக் கொத்தளத்தில் அவர் கொடியேற்றினார். நாடு முழுவதும் முதல்வர்கள் அந்த உரிமையைப் பெற்றார்கள். நியமிக்கப்பட்டவரைவிடத் தேர்ந்தெடுக்கப்பட்டவரே மக்களின் பெயரால் கொடியேற்றத் தகுதியானவர் என்பதே அந்த வாதத்தின் சாரம். கோட்டையில் முதல்வருக்குப் பொருந்திய நியாயம் குக்கிராமத்தில் ஊராட்சித் தலைவருக்குப் பொருந்தாமல் போகுமா?

‘விழா நாளில் சாதிப் பிரச்சினையைக் கிளப்ப வேண்டாம், தலைமையாசிரியரோ ஊர்ப் பெரியவரோ ஏற்றிவிட்டுப் போகட்டும், ஊர் அமைதியாக இருக்கும்’ என்று வாதிடுவோர் உண்டு. கேட்பதற்கு இதமான வாதம்தான். ஆனால், அந்த அமைதிக்கான விலையை ஒவ்வொரு முறையும் ஒரே தெருதான் கொடுக்கிறது. ஒருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க, மற்றவர் பெற்றுக்கொண்டே இருப்பதற்கு ஒற்றுமை என்று பெயர் சூட்ட முடியாது.

மாற்றுக் கருத்தை அடக்கித்தான் தேசத்தை நினைவுகூர வேண்டும் என்பதுமில்லை. 1947 ஆகஸ்டு 15-ஐப் பெரியார் துக்க நாள் என்றார்; அது கொண்டாட வேண்டிய நாள் என்று அண்ணா எழுதினார். காந்தியோ அன்று டெல்லி விழாவில் இல்லை. கலவரத்தால் புண்பட்டிருந்த கல்கத்தாவில், பெலியகட்டாவின் ஹைதரி மன்சிலில் உண்ணாநோன்பிருந்து நூல் நூற்றார். முதல் சுதந்திர தினமே இத்தனை குரல்களுக்கு இடம் தந்தது. விடுதலை இன்னும் யாருக்கு வந்து சேரவில்லை என்று கேட்பது, அந்த நாளுக்குச் செய்யும் மரியாதைதான்.

1929 லாகூர் காங்கிரஸ் முழு விடுதலையை இலக்காக அறிவித்ததையடுத்து, 1930 ஜனவரி 26 அன்று ஊர் ஊராக மக்கள் உறுதிமொழி ஏற்றார்கள். அதன் நினைவாகத்தான், 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்பதற்கு முந்தைய நாள் பேசிய அம்பேத்கர், அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் ஏற்றத்தாழ்வுமாக ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறோம் என்று எச்சரித்தார். வாக்குச்சாவடியில் சமமாக எண்ணப்பட்டு வென்றவர், கொடிமரத்தடியில் தடுக்கப்படுவது அந்த முரண்பாடு இன்றும் தீரவில்லை என்பதற்குக் கண்ணெதிரே இருக்கும் சாட்சி.

சட்டத்தில் குறை இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவர்கள் தம் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இதற்கு வழிசெய்த திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் ஒரு குடியரசு தினத்தன்றுதான், 2016-ல். சட்டம் இருந்தும், புகார் வந்தால் சமாதானக் கூட்டம் போட்டு அனுப்பிவைப்பதே பல இடங்களில் நடைமுறை.

அரசு உறுதியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு மதுரை மாவட்டம் பாப்பாபட்டி எடுத்துக்காட்டு. தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதை ஊரார் ஏற்க மறுத்ததால் 1996 முதல் பத்தாண்டுகள் முடங்கிக்கிடந்த ஊராட்சி அது. 2006-ல் தேர்தல் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று அங்கு நடந்த கிராம சபையில் முதல்வர் ஸ்டாலின் கலந்துகொண்டார். மாறவே மாறாது என்று சொல்லப்பட்ட ஊர்தான் மாறியது.

எனவே, செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. கடந்த ஆண்டுகளில் பிரச்சினை எழுந்த ஊராட்சிகளை அடையாளம் கண்டு, கொடியேற்றும் நாளுக்கு முன்பே ஆட்சியர்கள் பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும். தடுப்பவர்கள் மீது வழக்குப் பதிய வேண்டும். கொடிமரம் எல்லாத் தெருக்காரர்களும் தயக்கமின்றி வரக்கூடிய பொது இடத்தில் இருக்க வேண்டும். தலைவருக்கு நாற்காலி இருக்க வேண்டும். கொடியேற்றத்தோடு கலைந்துவிடாமல், அன்றைய கிராம சபையில் அரசமைப்பின் முகப்புரையைத் தமிழில் வாசித்து, ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கையும் படிக்க வேண்டும்.

உள்ளாட்சித் தேர்தல்களும் உரிய காலத்தில் நடக்க வேண்டும். 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லாமல் ஊராட்சிகள் கிடந்தன. 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோதும் பொறுப்பு தனி அலுவலர்களிடமே போனது. தலைவரே இல்லாத ஊரில் தலைவரின் உரிமையைப் பேசிப் பயனில்லை.

இந்தியா என்ற நாட்டை நிறுவியவர்கள் அதை எல்லோருக்குமாகவே நிறுவினார்கள். அவர்களை நினைவுகூரும் நாளில், மக்கள் தேர்ந்தெடுத்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தவராக இருந்தாலும் கயிறு அவர் கையில்தான் இருக்க வேண்டும். அதற்குத் துணை நிற்பது அரசின் கடமை, ஊராரின் கடமையும்கூட.