நடுவது ஒரு கை, பறிப்பது இன்னொரு கை
மன்னார் வளைகுடாப் பவளப் பாறையில் அந்நியப் பாசி

ஆரியங்கோடு: குளத்தையும் வாய்க்காலையும் பச்சைப் பாய் விரித்தாற்போல் மூடிவிடும் 'ஆப்பிரிக்கன் பாயலை'க் கேரளத்துக்குப் பிழைக்க வந்த தமிழர் பலர் அறிவர். பெயரில்தான் ஆப்பிரிக்கா, செடி வந்தது தென் அமெரிக்காவிலிருந்து. கூலிக்கு ஆள் வைத்து வாரி வாரிக் கரையில் கொட்டியும் அது தீரவில்லை. 1980-களில் அதை மட்டுமே தின்னும் சிறு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் குட்டநாட்டு வயல்கள் மூச்சு விட்டன.

அதே தொல்லை கடலுக்கடியிலும் உண்டு; அதுவும் நம்மவர் ஊர்ப் பக்கத்தில். ராமநாதபுரம் மாவட்டம் பாம்பனுக்குத் தெற்கே குருசடைத் தீவு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பவளப் பாறைகளில் படர்ந்துவிட்ட அந்நிய நாட்டுப் பாசியை வனத்துறையும், தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் நீருக்குள் மூழ்கிக் கையால் பறித்து எடுத்திருக்கிறார்கள். ஒருமுறை அல்ல, பல முறை. பறித்த இடத்தில் அது மறுபடி தலையெடுக்கிறது.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2023 செப்டம்பரில் அதே மாவட்டத்தில் வளமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2024 அக்டோபரில் மத்திய மீன்வளத் துறை, வெளிநாட்டிலிருந்து உயிருள்ள கடற்பாசியை இறக்குமதி செய்வதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. வளர்ப்பு பெருகப் போகிறது. பறிப்பு வேலை யார் தலையில் விழும்?

கயிறு அறுந்தால்...

இந்தப் பாசிக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் காப்பாபைக்கஸ். கடற்கரைக்காரர்கள் வைத்த பெயர் 'பெப்சிப் பாசி'. இதன் தாயகம் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம். 1990-களில் மத்திய உப்பு, கடல்சார் ரசாயன ஆராய்ச்சி நிலையம் இதைக் கொண்டுவந்து, மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தது. 2000-ஐ ஒட்டி பெப்சி நிறுவனம் வியாபாரத்துக்காக வளர்க்க இறங்கியது. இதிலிருந்து எடுக்கும் 'காராஜீனன்' என்ற பசைப்பொருள் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்கிறது.

இதனால் கிடைத்த நன்மையை மறைக்கக் கூடாது. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசியைக் கட்டிவிட்டால், 45 நாளில் சுமார் 260 கிலோ கிடைக்கும். படகும் வலையும் இல்லாத மீனவப் பெண்கள், மகளிர் குழுக்கள் மூலம் இதில் நாலு காசு பார்த்தனர். 2013-க்குப் பிறகு வெப்பத்தாலும் நோயாலும் பாசி அழிந்தபோது, அந்தக் குடும்பங்களில் அடுப்பு எரிவதே சிரமமாயிற்று.

ஆனால் 45 நாளில் நாலு மடங்கு பெருகும் ஒன்று, கயிற்றை விட்டு நழுவினால் சும்மா இருக்குமா? இதற்கு விதை வேண்டியதில்லை. விரல் நீளத் துண்டு உடைந்து மிதந்தால் போதும். வாடைக் காற்றுக் காலத்தில் பாக் விரிகுடாத் தண்ணீர் பாம்பன் வழியாகத் தெற்கே பாய்கிறது. அந்த வாயிலிலேயே குருசடை இருக்கிறது.

2005 டிசம்பரில் தமிழக அரசு, பாக் விரிகுடாவின் வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டுமே இதை வளர்க்கலாம் என்று உத்தரவிட்டது. தண்ணீருக்கு உத்தரவு தெரியாது. மான்கொம்பு போல் கிளைத்த பவளங்களைப் பாசி பாயாக மூடிக் கொன்றிருப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2008-ல் எழுதினார்கள். பவளம் உயிருள்ள பிராணி. வெளிச்சம் மறைந்தால் பட்டுப்போகும். பின்னர் சிங்கில், பூமரிச்சான் தீவுகளிலும் பாசி தென்பட்டது. பரவிய இடம் மொத்தப் பாறையில் மிகச் சொற்பமே என்று மறுத்த விஞ்ஞானிகளும் உண்டு. சொற்பமாக இருக்கும்போது எடுப்பதுதானே சுலபம்? கமலாலயக் குளமானாலும் கடலானாலும் கணக்கு ஒன்றுதான்.

கையால் எடுப்பது கேட்க எளிது. பாசி பவளத்தின் இடுக்கில் ஒட்டிப் பிடித்திருக்கும். வேகமாக இழுத்தால் பவளக் கிளை ஒடியும். மெதுவாக இழுத்தால் அடித்துண்டு தங்கிவிடும். கை தவறிய துண்டை நீரோட்டம் அடுத்த பாறைக்குக் கொண்டுபோகும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் பையில் சேர்த்து மேலே கொண்டுவர வேண்டும். சில வாரம் கழித்து அதே இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். தண்டவாளத்தை ஒருமுறை போட்டுவிட்டால் போதும் என்று எந்த ரயில்வேயும் இருப்பதில்லை. கீமேன் தினமும் நடக்கிறார். பாறைக்கும் அப்படி ஓர் ஆள் தேவை.

மற்ற நாட்டார் என்ன செய்தனர்?

ஹவாய்த் தீவில் இதே பாசியை 1970-களில் ஆராய்ச்சிக்காகக் கொண்டுவந்தார்கள். கனியோஹி விரிகுடாப் பாறைகள் மூடிக்கொண்டன. பறித்த இடங்களில் மீண்டும் முளைத்தது. பின்னர், தெப்பத்தில் பெரிய உறிஞ்சு குழாய் பொருத்தி, முக்குளிப்பவர்கள் அடியிலிருந்து பாசியை அதற்குள் ஊட்டினார்கள். அதோடு நில்லாமல், 2011 முதல் பாசி தின்னும் கடல் முள்ளிகளைப் பண்ணையில் வளர்த்து, பறித்த இடங்களில் விட்டார்கள். கையும் பிராணியும் சேர்ந்தபோதுதான் பாசி அடங்கியது. குட்டநாட்டு வண்டின் கதையைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரையில் எதிரி பாசியல்ல, மீன். நம் கடலில் இயல்பாக வாழும் விஷமுள் கொண்ட சிங்க மீன் 1985-ல் அங்கே காணப்பட்டது. கண்ணாடித் தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதே காரணம் என்று கருதப்படுகிறது. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு சுமார் 20 லட்சம் முட்டை இடும். ஈட்டியோடு மூழ்கிக் குத்தி எடுக்கிறார்கள். பிடிக்க உச்சவரம்பு கிடையாது, போட்டி வைத்துப் பரிசும் தருகிறார்கள், முள்ளை நீக்கி உணவு விடுதியில் சமைக்கவும் செய்கிறார்கள். ஆனாலும் மனிதர் இறங்க முடியாத ஆழத்தில் மீன் தங்கிவிடுகிறது. அடியோடு ஒழிக்க முடியாதென்று தெரிந்தபின், சில பாறைகளைத் தேர்ந்து விடாமல் பிடித்து வந்தார்கள். அங்கே உள்ளூர் மீன்கள் மீண்டும் பெருகியதை ஆய்வுகள் காட்டின.

ஆகவே பறிப்பது வீண் வேலையல்ல. நிறுத்தி நிறுத்திப் பறிப்பதுதான் வீண். திட்டப் பணம் வரும் வருஷம் பறித்து, வராத வருஷம் விட்டுவிட்டால் செலவும் நஷ்டம், பாறையும் நஷ்டம்.

இந்த வேலைக்கு ஆளைத் தேடி எங்கும் போக வேண்டாம். கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி உள்ளூர்ப் பாசி சேகரிக்கும் பெண்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். பாம்பன் தீவின் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' பரிசு கிடைத்தது நினைவிருக்கும். அவர்களுக்கு எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று தெரியும். 1986-ல் தேசியப் பூங்கா வந்தபின் தீவுப் பக்கம் போனாலே அபராதம் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். அந்தக் கைகளுக்கே நாள் சம்பளமும் அடையாள அட்டையும் கொடுத்துப் பறிக்கச் சொன்னால், வனத்துறைக்கும் ஊருக்கும் உள்ள பழைய மனத்தாங்கல் சற்றே குறையவும் கூடும்.

பணம்? பாசியை விற்று லாபம் பார்க்கும் கம்பெனிகளிடம் மிதவைக்கு இவ்வளவு என்று முன்பணம் வாங்குவதே நியாயம். மிதவையில் கட்டும் பெண்ணிடம் வாங்கக் கூடாது. கொள்முதல் செய்பவரிடம் வாங்க வேண்டும். இறக்குமதி விதிமுறைகளில் தனிமைப்படுத்தலும் ஆபத்துப் பரிசோதனையும் உண்டு, அது நல்லதே. ஆனால் ஒப்புதல் கிடைத்தால் நாலு வாரத்தில் அனுமதிச் சீட்டு என்கிற வேகத்துக்கு, தப்பிய பாசியைப் பறிக்க எத்தனை வருஷம் ஆகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கேரளக் கரைக்கும் இது அயல் சங்கதியல்ல. நெய்யாறு கடல் சேரும் பூவாறுக்குச் சற்று வடக்கே, விழிஞ்ஞத்திலும் இதே பாசியை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் கடலடியில் பாறை உண்டு. மீன் அதை நம்பியே ஒதுங்குகிறது. அடுத்த முறை அங்கே மிதவை கட்ட யாராவது வந்தால், பஞ்சாயத்தும் மீனவர் சங்கமும் முதலில் கேட்க வேண்டியது, கயிறு அறுந்தால் யார் இறங்குவார்கள், கூலி யார் தருவார்கள் என்பதே.