பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள்



கணவனும் மனைவியும் பிரிந்தபின் "பிள்ளை யாருக்கு?" என்ற வழக்கு வருடக்கணக்கில் இழுபடுவதுண்டு. தகப்பன் இறந்தோ காணாமற்போயோ இருந்தால், தாய்க்கும் அப்பம்மா, அப்பப்பாவுக்கும் இடையில் இதே இழுபறி வருகிறது. தீர்ப்பு வரும்வரை பிள்ளையின் மனதைக் காப்பது நீதிமன்றமல்ல, நாம்தான்.

2009இல் போர் முடிந்தபோது சிறுமிகளாக இருந்த பலர் இன்று தாய்மார். எங்கே போகிறோம் என்று எவரும் சொல்லாமல் இரவில் இழுத்துச் செல்லப்பட்ட பயம் உங்களுக்குத் தெரியும். பெற்றோரின் சண்டைக்கு நடுவே நிற்கும் பிள்ளைக்கும் அப்படியொரு பயம் இருக்கிறது. படுக்கையை நனைத்தல், வயிற்றுவலி, பாடசாலைக்குப் போக மறுத்தல் என்று அது வெளிப்படலாம்.

முதலாவது, பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். "கொப்பரிட்டக் காசு கேட்டுக்கொண்டு வா" என்று அனுப்பினால், அங்கே விழும் ஏச்சைக் கேட்பதும் பிள்ளைதான். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி தாபரிப்புப் பணத்துக்கு நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். காசு தரவில்லை என்பதற்காக மட்டும் பிள்ளையைக் காட்ட மறுக்காதீர்கள். காசு வேறு, பாசம் வேறு.

இரண்டாவது, திரும்பி வந்த பிள்ளையை விசாரிக்காதீர்கள். "அங்க ஆர் வந்தவை? என்ன கதைச்சவை?" என்று துருவினால், இரண்டு வீட்டுக்கும் பிடித்த பதிலைச் சொல்லப் பிள்ளை பழகிவிடும். அது பொய்யல்ல, பயம். "வா, கால் கழுவிப்போட்டுச் சாப்பிடு" என்பதே போதும். தானாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். அடித்தார்கள், தகாத முறையில் தொட்டார்கள் என்று சொன்னால், திரும்பத் திரும்பக் கேட்காமல், பிள்ளை சொன்ன சொற்களையே திகதியுடன் எழுதி வையுங்கள். உடனே தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

மூன்றாவது, பிள்ளையைக் கையளிக்கும் நாள், நேரம், இடம் மூன்றையும் முன்கூட்டியே நிச்சயியுங்கள். படலையில் நின்று வாக்குவாதப்படுவதைவிட, இருவரும் நம்பும் உறவினர் ஒருவரின் வீடு நல்லது.

நான்காவது, "உனக்கு அம்மா வேணுமோ, அப்பா வேணுமோ?" என்று கேட்காதீர்கள். இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயம், பிள்ளையின் கருத்தை வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்பக் கேட்கவேண்டும் என்கிறது. கருத்தைக் கேட்பது வேறு, முடிவெடுக்கும் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைப்பது வேறு. நீதிமன்றம் முதன்மையாகப் பார்ப்பது பிள்ளையின் நலனை. சொல்லிக் கொடுத்த வசனம் பிள்ளைக்கும் பாரம், வழக்குக்கும் உதவாது.

அடி உதைக்குப் பயந்து பிரிந்தவர்கள் தனியே போய்ப் பிள்ளையைக் கையளிக்கவேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் உங்களுக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்கள் சார்பில் பொலிசாரும் விண்ணப்பிக்க முடியும். பிள்ளையைப் பார்ப்பதானால் மூன்றாம் ஆள் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்று நீதிமன்றத்திடம் கேளுங்கள்.

சட்டத்தரணிக்கு வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்தியுங்கள்.

இன்றிரவு படுக்கப்போகுமுன் பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: "நாங்கள் பிரிஞ்சது உன்ர பிழையில்லை." பல பிள்ளைகள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.