கதை படிப்பது யாருக்கான ஆடம்பரம்?

"கதையெல்லாம் வேலவெட்டி இல்லாதவன் படிக்கிறது தோழர். நாம சட்டம் படிக்கணும், குரூப் ஃபோர் எழுதணும்." பெரம்பலூர், அரியலூர் பக்கத்து இளைஞர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்த குழுமூர் அனிதாவையே 2017-ல் நீட் வெளியே நிறுத்தியது. இன்று அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு நூலகம் இருக்கிறது. நமக்குத் தேர்வுக்குப் படிப்பதே ஒரு போராட்டம்தான்.

ஆனால் நாம் படிக்காவிட்டாலும் கதைகள் நம்மை விடுவதில்லை. கங்கைகொண்ட சோழபுரம் அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' சோழர் பெருமையை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. ஆண்ட பரம்பரை என்று பேனர் வைக்கும் சாதிகளும் அந்தப் பெருமையில்தான் பங்கு கேட்கின்றன. அதே சோழர் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சேரியில் இருந்தவர்களின் கதை எங்கே என்று கேட்பதற்குக்கூட, கதை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டத்துக் கழுதூரைச் சேர்ந்தவர் இமையம். 2020-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்றவர். அவர் எழுதுவது நம் வீட்டில் பேசும் தமிழ். 1994-ல் வந்த அவருடைய முதல் நாவல் 'கோவேறு கழுதைகள்', தலித்துகளுக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் குடும்பத்தின் கதை. நமக்குள் இருக்கும் மேல் கீழை இப்படி வெளியே போடலாமா என்று அன்று கடுமையான விமர்சனம் வந்தது. நம்மை யார் மிதிக்கிறார்கள் என்று துண்டறிக்கை சொல்லும். நம் காலடியில் யார் இருக்கிறார்கள் என்பதை ஆரோக்கியம் என்ற அந்தப் பெண்தான் காட்டினாள். சாதி ஒழிப்பு பேசுகிறவருக்கு இரண்டும் தெரிய வேண்டும்.

நடைமுறைப் பயனும் உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-ன் கீழ், சாதி சொல்லி இழிவுபடுத்தியதாக வழக்குப் போட, அது பொதுப்பார்வையில் படும் இடத்தில் நடந்ததா என்று கேட்பார்கள். என்ன வார்த்தை சொன்னான், எங்கே நின்று சொன்னான், பக்கத்தில் யார் இருந்தார்கள்? உண்மை அறியும் குழுவில் போகிறவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு வாங்க வேண்டும். பாதிக்கப்பட்ட அம்மா சம்பவத்தை விட்டுவிட்டு மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், குறுக்கிடாமல் கேட்கத் தெரிய வேண்டும். வழக்குக்கான விவரம் பல நேரம் அந்த மாட்டுக் கதைக்குள்தான் இருக்கும். நாவல் படித்துப் பழகிய காதுக்கு இது எளிதில் வரும்.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. அடுத்த முறை போகும்போது வழிகாட்டி நூல்களோடு ஒரு நாவலும் வாங்குங்கள். நாலு பேர் சேர்ந்து படியுங்கள். படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கதையில் பெயரே இல்லாமல் வேலை செய்துவிட்டுப் போனவர் யார்?

ஜெய்பீம்.