குஞ்சம் லாரிக்கு, கொதிப்பு டிரைவருக்கு!

மணலி புதுநகரில் பொன்னேரி நெடுஞ்சாலை ஓரமாகச் சிறிது நேரம் நின்று பாருங்கள், தோழர்களே! புத்தம் புதிய திறந்த பாடி லாரி ஒன்று வரும். பெயிண்ட் வாசனைகூடப் போயிருக்காது. முகப்பிலே குலதெய்வத்தின் பெயர். அதற்குக் கீழே முதலாளியின் பிள்ளைகள் பெயர். மகன் பெயர் ஒரு பக்கம், மகள் பெயர் மறுபக்கம். கண்ணாடி மூலையில் கடன் கொடுத்த பைனான்ஸ் கம்பெனியின் பெயர். பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். இருபுறமும் கறுப்புக் குஞ்சம். உச்சியில் வண்ண விளக்கு வரிசை. ஊரே அதிரும் ஏர் ஹாரன். பின்பலகையில் திருஷ்டி பொம்மை நாக்கை நீட்டிக் கொண்டிருக்கும்.

சாமி பெயர் இருக்கிறது. வாரிசு பெயர் இருக்கிறது. வட்டிக்காரன் பெயரும் இருக்கிறது. இரவும் பகலும் அந்த வண்டியை ஓட்டுகிறானே, அவன் பெயர் எங்கே? தேடிப் பாருங்கள்!

அலங்காரமே கூடாது என்று சொல்ல வரவில்லை. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் பாடி கட்டும் பட்டறைகளில், மரத்தை இழைத்து, தகட்டை வளைத்து, பூவும் மயிலும் தீட்டுகிறவர்களும் நம் தொழிலாளிகள்தான். அந்தக் கைவேலையை எவரும் குறைத்துப் பேச வேண்டாம். நாம் கேட்பது வேறு கேள்வி. புது லாரி வாங்கியதும் அதிலே எதை மாற்றுகிறார்கள், எதைச் சேர்க்கிறார்கள், யாருக்காகச் சேர்க்கிறார்கள்? இந்த மூன்றையும் பார்த்தால், அந்த வண்டியில் ஏறும் மனித உயிருக்கு முதலாளி போடும் மதிப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம். மணலி புதுநகருக்குப் பக்கத்தில்தான் எண்ணூர். அங்கே 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்து, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனியின் தொழிற்சாலை நிற்கிறது. நம் நாட்டில் லாரி உற்பத்தி தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள், எந்தக் கம்பெனி லாரியானாலும் பெரும்பாலும் எலும்புக்கூடாகத்தான் விற்பனைக்கு வந்தது. இன்ஜின் உண்டு, சக்கரம் உண்டு, ஸ்டியரிங் உண்டு. கதவு கிடையாது, கூரை கிடையாது. அதற்குப் பெயர் சேஸிஸ். அந்த எலும்புக்கூட்டைத் தொழிற்சாலை வாசலிலிருந்து நூற்றுக்கணக்கான மைல், சில சமயம் ஆயிரம் மைலுக்கும் மேல் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பதற்கென்றே ஒரு டிரைவர் கூட்டம் இருந்தது. தலையில் துண்டு, கண்ணில் தூசிக் கண்ணாடி, உட்காரப் பலகையோ பெட்டியோ. வெயிலும் மழையும் நேராக முகத்தில்.

இதன் பொருள் என்ன? டிரைவர் உட்காரும் இடம் லாரியின் அங்கம் என்றே அன்று கருதப்படவில்லை. சக்கரம் அவசியம், கூரை, வாங்குகிறவர் விருப்பம்! வாங்கியவர் பட்டறைக்குப் போய் கேபின் கட்டிக்கொண்டார். கட்டும்போது மிச்சம் பிடித்தது எதிலே? டிரைவர் ஆசனத்திலே. காற்று வரும் வழியிலே. இன்ஜின் சூட்டைத் தடுக்கும் மூடியிலே. அந்தப் புத்தி இன்றைக்கும் முழுக்கப் போய்விடவில்லை.

புது லாரிக்கு முதலாளி செய்யும் முதல் 'சிறு மாற்றம்' குஞ்சமும் அல்ல, பொம்மையும் அல்ல. பக்கப் பலகையை உயர்த்துவதுதான்! சும்மா ஒரு பலகைதானே என்று தோன்றும். ஆனால் பலகை உயர்ந்தால் சரக்கு உயரும். சரக்கு உயர்ந்தால் வண்டியின் பாரம் மேலே போகும். மேலே போன பாரம் வளைவில் வண்டியைச் சாய்க்கும். பிரேக் போட்டால் நிற்கிற தூரம் நீளும். டயர் வெடிக்கும், பட்டை முறியும். இதெல்லாம் எந்த டிரைவருக்கும் தெரியும். தெரிந்துதான் ஓட்டுகிறான், ஏனென்றால் மறுத்தால் அடுத்த நடை அவனுக்கு இல்லை.

மத்திய சர்க்கார் 2018 ஜூலையில் பாரத்தின் அளவையே உயர்த்திவிட்டது. இரண்டு அச்சு லாரி, சரக்கும் வண்டியும் சேர்த்து 16.2 டன் என்றிருந்தது 18.5 டன் ஆயிற்று. மூன்று அச்சு லாரிக்கு 25 டன், 28.5 ஆயிற்று. பேனாவின் ஒரே கீறலில் டன் கணக்கில் கூடுதல் சுமை! டிரைவர் கூலியும் கிளீனர் படியும் அந்தக் கீறலில் உயர்ந்ததா? பதில் உங்களுக்கே தெரியும். இத்தனைக்குப் பிறகும் பலகை உயருகிறது. மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ம் பிரிவு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய் என்கிறது. ஓட்டியவரும் பொறுப்பு, ஓட்டச் செய்தவரும் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. ஆனால் ரோட்டிலே நிற்பவன் யார்? சட்டைக் காலர் யாருடையது பிடிபடுகிறது? ஓட்டச் செய்தவர் வீட்டிலே இருக்கிறார். பாரம் ஏற்றச் சொன்ன கம்பெனி மானேஜரோ அந்த லாரியின் நம்பரைக்கூட அறியார்.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது. ஒற்றை லாரியைக் கடனில் வாங்கி, தானே ஓட்டி, மாதத் தவணைக்கு ஓடாய்த் தேய்கிறவரும் 'முதலாளி' என்றுதான் அழைக்கப்படுகிறார். அவர் பலகை உயர்த்துவது பேராசையால் அல்ல. வாடகையை நசுக்குகிற பெரிய கம்பெனிகளும், தவணை தவறினால் வண்டியைத் தூக்கிப் போகிற பைனான்ஸும் அவர் கழுத்தில் இரு கைகளையும் வைத்திருக்கின்றன. டிரைவரின் கோபம் இவர் மீது பாய்ந்து முடிந்துவிட்டால் மேலே இருப்பவர்களுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறில்லை.

சேர்க்க வேண்டியதைச் சேர்க்கிறார்களா என்றும் பார்ப்போம். தார்ப்பாய்! திறந்த லாரிக்கு இதைவிட அவசியமான, இதைவிட மலிவான சாமான் உண்டா? எண்ணூர், மணலிப் பக்கத்தில் நிலக்கரியும் அனல் மின் நிலையச் சாம்பலும் லாரி லாரியாகப் போகின்றன. தார்ப்பாய் இல்லாமல், அல்லது பேருக்கு ஒரு கிழிந்த பாயை வீசிவிட்டுப் போனால், அந்தச் சாம்பல் யார் வீட்டுச் சோற்றில் விழுகிறது? புதுநகர்க் குடியிருப்புகளில்தான். யார் மூச்சில் போகிறது? பின்னால் சைக்கிளில் வரும் மில் தொழிலாளி மூச்சில்தான். வண்ண விளக்கு வாங்கக் காசு இருக்கிறது. முழுத் தார்ப்பாய் வாங்கக் காசு இல்லையாம்!

ஏணியையும் கைப்பிடியையும் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். சுமைத் தொழிலாளி எப்படி ஏறுகிறான்? டயரில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து, பலகையைத் தாவி ஏறுகிறான். மழைநாளில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தவர்களை நம் ஊர்களில் தேடிப் போக வேண்டியதில்லை. இரண்டு இரும்புப் படி, பற்றிக்கொள்ள இரண்டு கம்பி. வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. பம்பருக்கு முன்னால் பளபளக்கும் இரும்புக் காப்பு மாட்ட நேரம் இருந்ததல்லவா? அந்தக் காப்பு கூடாது என்று மத்திய சர்க்கார் 2017 டிசம்பரிலேயே உத்தரவு போட்டது. மோதும்போது எதிரே வருகிற கால்நடைப் பயணியின் உயிருக்கு அது எமன். கூடாது என்றதை மாட்டினார்கள்; மாட்ட வேண்டியதை விட்டார்கள்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அறுப்பு முடிந்து, கரும்பு வெட்டி முடிந்து, இருட்டியபின் ஏதோ ஒரு லாரியின் சுமை மேல் ஏறி ஊர் திரும்புகிறீர்கள். பஸ் இல்லை, வேறு வழி இல்லை. ஆனால் வண்டி கவிழ்ந்தால் நடப்பது என்ன? லாரி உரிமையாளரிடம் வேலை செய்து, வேலை நிமித்தம் வண்டியில் செல்லும் தொழிலாளிக்குச் சட்டத்தில் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. சரக்கின் சொந்தக்காரருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும் உண்டு. இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்ட ஆளுக்கு? சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறிவிட்டது. ஆகவே உங்களை வேலைக்கு அழைத்துப் போகும் மேஸ்திரியிடம் முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: திரும்பி வர பஸ்ஸா, வேனா, லாரிச் சுமையா? ஏற்றிப் போய் இறக்கிவிடுவதும் கூலியின் ஒரு பகுதி என்று பேசி வாங்க வேண்டும்.

இனி கேபினுக்குள் வருவோம்.

கோடையில் தார் ரோடு கொதிக்கிறது. டிரைவரின் காலடியிலும் பக்கத்திலும் இன்ஜின் கொதிக்கிறது. மேலே தகடு. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகளோடு வரிசையில் நின்றுவிட்டால் காற்றும் கிடையாது. குளிக்க இடமில்லை, கழிப்பிடம் இல்லை, படுக்கை அதே ஆசனம். டிரைவர் தன் பேட்டாவிலிருந்து மிச்சம் பிடித்துச் சின்ன மின்விசிறி வாங்கி மாட்டுகிறான். தன் காசில் பஞ்சுத் திண்டு, தன் காசில் திரைச்சீலை, தன் காசில் தண்ணீர்க் கேன். குஞ்சம் முதலாளி செலவு. விசிறி டிரைவர் செலவு! இந்த ஒரு கணக்கே போதுமே!

போராடியும் கூச்சலிட்டும், செத்தவர்களை எண்ணியும், கடைசியில் ஒரு விதி வந்தது. 2023 டிசம்பரில் மத்திய சர்க்கார் அறிவித்தபடி, 2025 அக்டோபர் 1-க்குப் பின் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட எல்லா லாரிகளின் கேபினிலும் ஏ.சி. இருக்க வேண்டும். நல்லது, வரவேற்கிறோம். அதற்குள் என்னென்ன முணுமுணுப்பு! விலை ஏறிவிடும் என்றார்கள். துறை மந்திரி நிதின் கட்காரியே 2023-ல் சொன்னார், செலவு கூடும் என்று சிலர் எதிர்த்தார்கள் என்று. இன்னும் சிலர், குளிர்ந்தால் டிரைவர் தூங்கிவிடுவான் என்றார்கள். என்ன அக்கறை! முதலாளி ஏ.சி. காரில் போகும்போது அவருடைய கார் டிரைவர் தூங்கிவிடுவாரா? ஆபீஸில் ஏ.சி. போட்டால் மானேஜர் விழித்திருக்கிறார். லாரியில் போட்டால் மட்டும் தூக்கம் வருமாம்! தூக்கம் வருவது குளிர்ச்சியால் அல்ல ஐயா, பதினாறு மணி நேரம் ஓட்டச் சொல்வதால்.

வேலை நேரத்துக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை. யூனிபாரம், முதலுதவிப் பெட்டி. ஐந்து தொழிலாளர் இருந்தாலே அந்தச் சட்டம் பாயும். பாய்ந்ததா என்பது வேறு விஷயம். கையில் பிடித்துக் கேட்க ஒரு காகிதமாவது இருந்தது. 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை அமுலுக்குக் கொண்டுவந்து, அந்த 1961 சட்டத்தையும் விழுங்கிவிட்டார்கள். புதிய தொகுப்பில் மோட்டார் நிறுவனத்துக்கு வரம்பு பத்துத் தொழிலாளர்! ஐந்து, பத்தாக வளர்ந்துவிட்டது. மனைவி பெயரில் நாலு வண்டி, மைத்துனன் பெயரில் நாலு வண்டி என்று பிரித்து எழுதும் பழைய வித்தைக்கு இனி சிரமமே இல்லை. லாரித் தொழிலோ ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடக்கும் தொழில். எத்தனை டிரைவர்கள் ஒரே கோட்டில் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்று சிந்தியுங்கள்.

ஏ.சி. விதியிலும் ஓட்டை இருக்கிறது. 2025 அக்டோபருக்கு முன் தயாரான லாரிகளுக்கு அது பொருந்தாது. இன்று ரோட்டில் ஓடுவதில் மிகப் பெரும்பாலானவை அவைதான். இன்னும் பல ஆண்டு ஓடும். அவற்றுக்கு என்ன வழி? கூரைக்கு உள்ளே வெப்பம் தடுக்கும் அட்டை, இன்ஜின் மூடிக்குத் தடித்த உறை, நல்ல ஆசனம், இரண்டு விசிறி. வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் மாறாத இந்த வேலைகளுக்கு எந்த ஆர்.டி.ஓ.வும் குறுக்கே நிற்க மாட்டார். சட்டம் தடுப்பது பலகையை உயர்த்துவதையும் பலகுரல் ஹாரனையும்தான்.

புது லாரிகளிலோ கேள்வி வேறு. ஏ.சி. இருக்கும்; ஸ்விட்ச் யார் கையில்? பல இடங்களில் நடைக்கு இவ்வளவு டீசல் என்று அளந்து கொடுக்கிறார்கள். கூடினால் டிரைவர் கூலியில் பிடித்தம். ஏ.சி. ஓடினால் டீசல் கூடும். அப்படியானால் வேர்வையில் குளித்தபடி, ஓடாத ஏ.சி.யைப் பார்த்துக்கொண்டே டிரைவர் ஓட்டுவான். இதற்கு இப்போதே முடிவு கட்ட வேண்டும். புது லாரி வரும் ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட்டிலும், வண்டி பூஜைக்கு நாள் குறிக்கும் முன்பே, டிரைவர்களும் கிளீனர்களும் சுமைத் தொழிலாளிகளும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி வாங்குங்கள்: ஏ.சி.க்கு ஆகும் டீசல் தனிக் கணக்கு, கூலியில் பிடித்தம் கிடையாது. ஏணியும் கைப்பிடியும் முழுத் தார்ப்பாயும் முதலாளி செலவு. உயர்த்திய பலகையோடு வண்டியை எடுக்க மறுத்தால் அதற்காக எவரையும் நிறுத்தக் கூடாது.