பார்வர்டு செய்யுமுன் ஆண்டைப் பாருங்கள்



நம் குழுக்களில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றிவருகிறது. கி.பி. 325-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயா நகரில் பிஷப்புகளைக் கூட்டினாராம். அங்கே வாக்கெடுத்துப் புதிய ஏற்பாட்டு நூல்களைப் பொறுக்கி எடுத்தார்களாம். மற்ற சுவிசேஷங்களை எல்லாம் எரித்துவிட்டார்களாம். இதை வைத்துக்கொண்டு மாமன் மச்சானுக்குள்ளேயே வசைமாரி. உடன் படித்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

நிசேயா சங்கம் நடந்தது உண்மை. கூட்டியவர் கான்ஸ்டன்டைன் என்பதும் உண்மை. அங்கே பேசியது என்ன? இயேசு பிதாவுக்குச் சமமானவரா, படைக்கப்பட்டவரா என்று ஆரியுஸ் கிளப்பிய சர்ச்சை, ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்ற கேள்வி, சபை ஒழுங்கு. அந்தச் சங்கம் வகுத்த 20 விதிகள் இன்றும் கிடைக்கின்றன. எந்த நூல் வேதம், எது வேதமில்லை என்று அவற்றில் ஒரு விதிகூடக் கிடையாது.

ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏறக்குறைய 180-இல், அதாவது நிசேயாவுக்குச் சுமார் 145 ஆண்டுகள் முன்பே, லியோன் நகர பிஷப் இரேனியுஸ் சுவிசேஷங்கள் நான்குதான் என்று அடித்துச் சொல்கிறார். திசை நான்கு, காற்று நான்கு, ஆகவே சுவிசேஷமும் நான்கு என்பது அவர் வாதம். வாதம் நொண்டிதான். ஆனால் நான்கு என்பது அவர் மனத்தில் அப்போதே முடிந்துபோன விஷயம் என்பது தெரிகிறதல்லவா? மறுபுறம், 325-க்குப் பிறகும் பட்டியல் முடியவில்லை. இன்றுள்ள 27 நூல்களையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது, அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய ஈஸ்டர் கடிதம். சிரிய மொழியின் பழைய பெஷித்தா வேதாகமத்திலோ புதிய ஏற்பாட்டு நூல்கள் 22 மட்டுமே. வெளிப்படுத்தின விசேஷம் அதில் இல்லை. நிசேயாவில் கை தூக்கி முடித்திருந்தால் இத்தனை இழுபறி எதற்கு?

சரி, எரிப்பு? 303-இல் கிறிஸ்தவ வேத நூல்களை எரிக்க ஆணையிட்டவர் டயோக்ளீஷியன், கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பேரரசர். கான்ஸ்டன்டைனும் எரிக்கச் சொன்னார். அவை ஆரியுஸின் எழுத்துகள். அதை மறைக்க வேண்டியதில்லை. அத்தனாசியுஸ் தம் பட்டியலுக்கு வெளியே இருந்த சில நூல்களை ஒதுக்கச் சொன்னதும் உண்மை. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே ஒரு ஜாடியிலிருந்து தோமா சுவிசேஷம் வெளிவந்தது. அதைப் படித்து ஆராய்வது நல்லது. ஆனால் நிசேயாவில் அதை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள் என்று கதை கட்டாதீர்கள். இந்தக் கதையை நம் காலத்தில் பரப்பியது 2003-இல் வந்த ‘டா வின்சி கோட்’. அது நாவல். நாவலைச் சரித்திரப் புத்தகமாகப் படிக்க எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்?

எதிர்த் தரப்புக்கும் ஒரு வார்த்தை. 27 நூல்களும் முதல் நாளிலிருந்தே ஒரே கட்டாக இருந்தன என்று பதில் எழுதுகிறீர்களே, அதுவும் தவறு. பவுல் 50-களில் கொரிந்து, தெசலோனிக்கே சபைகளுக்கு எழுதியவை அந்தந்த ஊர்ச் சிக்கலுக்கான கடிதங்கள். சுவிசேஷங்கள் அவற்றுக்குப் பின் வந்தவை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. நான்காம் நூற்றாண்டின் சினாய் கையெழுத்துப் பிரதியில், இன்று வேதாகமத்தில் இல்லாத பர்னபா நிருபமும் ஹெர்மாஸின் மேய்ப்பனும் சேர்ந்தே இருக்கின்றன.

சபைகள் கூடி வாசித்து, கையால் பிரதி எடுத்து, ஊருக்கு ஊர் வாதாடி, முந்நூறு ஆண்டுக்கு மேல் மெல்ல உருவான தொகுப்பு இது. நம்புகிறவர் நம்பட்டும், மறுக்கிறவர் மறுக்கட்டும். இரண்டுக்கும் உரிமை உண்டு. பொய்யான ஆண்டுக் கணக்கை வைத்து உறவை அறுக்க மட்டும் யாருக்கும் உரிமை இல்லை. அடுத்த முறை அந்தச் செய்தி வந்தால், அனுப்பியவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “அந்த 20 விதிகளில் இது எத்தனையாவது விதி?”